ஆம்புலன்ஸில் ஊருக்குப் போனவள்

மே மாதம் பிறந்தால் எங்கள் குவார்ட்டர்ஸில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே ஜனம் ஊருக்குக் கிளம்பிவிடும். தமிழ்க் குடும்பங்கள் மதராஸ் வண்டிக்கு, படுக்கையைச் சுருட்டி ஹோல்டாலைக் கட்டும். புளியோதரை ஒரு தூக்கில், தயிர்சாதம் ஒரு தூக்கில், கூஜாவில் தண்ணீர். போகாதவர்களிடம் சாவியைக் கொடுத்து, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, நாலு வீட்டில் சொல்லிக்கொண்டு போவது வழக்கம்.

நான் கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்த முதல் மே மாதம், பக்கத்து வீட்டு அக்காவும் சாவியோடு என் வாசலில் வந்து நின்றாள். ஹோல்டால் கட்டியாகிவிட்டது, தூக்குகள் தயார், கூஜாகூட இருந்தது. எந்த வண்டிக்கு என்று கேட்டேன். நம்ம வண்டிதான் என்று தெருவைக் காட்டினாள். அங்கே ஒரு பழைய ஆம்புலன்ஸ் நின்றது. யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். அவளும் அவள் வீட்டுக்காரரும் ஊருக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். எந்த ஊர் என்றேன். கண்டிப்பேட் என்றாள்.

ஊருக்குப் புதியவளான எனக்கு அது ஏதோ ராத்திரிப் பயணம் போகிற தூரமாகப் பட்டது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். கண்டிப்பேட் என்பது நகரத்துக்கு வெளியே இருக்கிற ஏரி, நம் குழாயில் வருவதே அந்தத் தண்ணீர்தான், மெஹ்திப்பட்டணத்திலிருந்து பஸ் போகும் என்றார்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். என் கணவர் வேலை பார்த்த அதே சர்க்கார் கம்பெனியில் அவள் டைப்பிஸ்ட். அவள் வீட்டுக்காரர் அங்கேயே வண்டிப் பிரிவில் மெக்கானிக். அவருக்குப் பேச்சு அதிகம் கிடையாது. நலமா என்று கேட்டால் ஏதாவது ரிப்பேர் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பார். பிள்ளைகள் இல்லை. அக்கா குள்ளமாக, கட்டையாக இருப்பாள். நடக்கும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகிறவள் போலக் கையை வீசி நடப்பாள், எதிரே ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும். அவளுடைய தமிழ் எனக்குப் பழகச் சில மாதம் ஆயிற்று. ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதுக்கு என்பதற்கு கைக்கு. இதெல்லாம் தமிழே இல்லை என்று ஒருமுறை சொன்னேன். உங்க தஞ்சாவூர்த் தமிழ்ல இல்ல, எங்க தமிழ்ல இருக்கு என்று முடித்துவிட்டாள்.

தமிழர்கள் இரண்டு பேர் வெளியூரில் சந்தித்தால், காப்பி ஆறுவதற்குள் "உங்களுக்கு எந்த ஊர்?" வந்துவிடும். குவார்ட்டர்ஸில் வளைகாப்போ ரிசப்ஷனோ எது நடந்தாலும், புதிதாக மாற்றலாகி வந்த அம்மாள் யாராவது அக்காவைப் பிடித்துக்கொள்வாள். செகந்திராபாத் என்பாள் அக்கா. அது சரி, சொந்த ஊர்? செகந்திராபாத்தேதான். அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் நான் பிறக்கவில்லை என்பாள். கேட்டவள் விடமாட்டாள். அப்பாவுக்கு எந்த ஊர், தாத்தாவுக்கு எந்த ஊர் என்று பல்லிடுக்கில் மாட்டிய பாக்கைத் துழாவுவது போலத் துழாவுவாள். அக்காவின் தாத்தாவுக்கு அப்பாவோ, அவருக்கும் அப்பாவோ, பட்டாளத்தோடு சமையல்காரராக வந்தவர். வேலூர்ப் பக்கம் என்பார்கள், திருச்சிராப்பள்ளி என்றும் சொல்வார்கள். அவள் குடும்பத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கேட்டவள் கடைசியில், ஐயோ பாவம், போக வர ஒரு ஊரே இல்லையா என்று முடிப்பாள். அந்த "ஐயோ பாவம்" அக்காவுக்கு ஆகவே ஆகாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

ஒருமுறை தேடிக்கொண்டு போயும் இருக்கிறாள். கல்யாணமான புதிதில், கம்பெனி கொடுத்த பயணச் சலுகையில் இரண்டு பேரும் வேலூருக்குப் போனார்களாம். சர்ச்சில் பாஸ்டரிடம் அந்தச் சமையல்காரத் தாத்தாவின் பெயரைச் சொல்லி விசாரித்தார்கள். அவர் நல்ல மனிதர். அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்களே அம்மா என்று வருத்தப்பட்டார். வெயிலில் இரண்டு தெரு நடந்து பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு, அன்று சாயங்காலமே வண்டியேறிவிட்டார்கள்.

"டீக்கடைக்காரன்கூட எங்கள எப்ப வந்தீங்கன்னு கேக்கல, தங்கச்சி," என்று ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "அப்பவே வெளங்கிருச்சு. எறங்கினா எப்ப வந்தன்னு கேக்கணும், கெளம்பினா மறுபடி எப்பன்னு கேக்கணும். கேக்க ஆள் இருந்தா அது ஊரு. இல்லாட்டி வெறும் ஸ்டேஷன்."

அந்த ஆள் அவளுக்குக் கிடைத்தது கண்டிப்பேட்டில். ஏரிக்கரையில் ஒரு சர்க்கார் தோட்டம். தோட்டத்துக்குப் பின்னால், வேப்பமரங்களுக்கு நடுவே ஒரு பொட்டல். யார் வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம், வண்டியை நிறுத்திக்கொண்டு ராத்தங்கலாம். கேட்டில் சீட்டு வாங்கிக்கொண்டால் போதும். ஒரு குழாய், ஓரமாகக் கழிப்பறை, ஒரு வாட்ச்மேன். கம்பெனி ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட ஆம்புலன்ஸ் ஏலத்துக்கு வந்தபோது அக்காவின் வீட்டுக்காரர் எடுத்தார். உள்ளே மேலும் கீழுமாகப் படுக்கைப் பலகை அடித்து, ஸ்டவ்வுக்கு ஒரு தட்டு வைத்து, ஜன்னலுக்குக் கொசுவலை தைத்து, ஓட்டிப் பார்க்க அங்கே போனார்கள். இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி போனபோது அந்த வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டே, ஆ கயே க்யா அம்மா, இத்தே தின் கஹான் தே என்றானாம். வந்துட்டீங்களா, இத்தனை நாள் எங்கே இருந்தீங்க. அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

அன்று முதல் அவள் அதை ஊராகவே நடத்தினாள். விளையாட்டாக இல்லை, முறை தவறாமல். கண்டிப்பேட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் வழிச்சோறு கட்டுவாள். லங்கர் ஹவுஸ் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, பசி இருக்கிறதோ இல்லையோ, தூக்கைத் திறந்து சாப்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். திரும்பும்போது ஊரிலிருந்து சாமான் கொண்டுவந்து எல்லா வீட்டுக்கும் கொடுப்பாள். நாங்கள் அப்பளம், வடகம், காப்பிப்பொடி கொண்டுவந்தால், அவள் ஏரி வற்றிய படுகையில் விளைந்த வெள்ளரி, தர்பூசணி, நுங்கு கொண்டுவருவாள். ஊர்ச் செய்தியும் வரும். வாட்ச்மேனின் எருமை கன்று போட்டது, படகுக்காரர் காலை உடைத்துக்கொண்டார், கேட்டுக்கு எதிரே பஜ்ஜி போடுகிற அம்மாளும் அவள் மருமகளும் தனி அடுப்பு வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் நான் என் கிராமத்து வம்பைச் சொல்கிற அதே சுவாரசியத்தோடு சொல்வாள்.

வாட்ச்மேனின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. அக்கா ஆபீஸில் லீவு கேட்டாள், சொந்த ஊரில் கல்யாணம் என்று. அவளுடைய ஆபீசர் திருநெல்வேலிக்காரர், கறாரானவர். கண்டிப்பேட் எப்படி அம்மா சொந்த ஊர் ஆகும், சிட்டி பஸ் போகிற இடம்தானே என்றார். ஏன் சார், உங்க ஊருக்கு பஸ் போகாதா என்று கேட்டாளாம் அக்கா. லீவு கிடைத்தது. அந்த ஆபீசர் ஒருநாள் என் கணவரிடம், அந்த அம்மா சொன்னதற்கு எனக்கு இன்னும் பதில் தோன்றவில்லை என்று சொன்னார்.

அவளைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். காரணம் இந்த ஊர்ப் பைத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குக் கும்பலாக வந்து சாப்பிட்டு எச்சில் இலையைப் போட்டுவிட்டுப் போகிறவர்களை விரட்டி விரட்டிப் பொறுக்க வைப்பாள். அதில் எங்கள் கம்பெனி மேனேஜர் குடும்பம் ஒன்றும் மாட்டியது. அந்த அம்மாள் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். குவார்ட்டர்ஸில் சிலர், உங்க வேன்லதான் இடம் இருக்கே, எங்களையும் ஒருநாள் பிக்னிக் கூட்டிப் போங்களேன் என்று கேட்பார்கள். பிக்னிக்குன்னா பஸ்ல போங்க என்று சொல்லிவிடுவாள். எனக்கே அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

அதே ஆள் முன்பின் தெரியாதவர்களுக்கு இறங்கி வேலை செய்வாள். ஒரு வருஷம் வெள்ளைக்கார ஜோடி ஒன்று, ஏதோ தேசத்திலிருந்து வண்டியிலேயே வந்தவர்கள், அந்தப் பொட்டலில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஊருக்கு வந்த விருந்தாளி என்று காலையில் இட்லி கொடுத்தனுப்பினாள். அவர்கள் கிளம்புவதாகத் தெரியவில்லை. மாவு கரைந்துகொண்டே போயிற்று. கடைசியில் இவர்களுக்கு லீவு முடிந்து, அவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆம்புலன்ஸுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தாலும், சாய்ந்த வெயிலில் பழைய செஞ்சிலுவைக் குறி தெரியும். அதைப் பார்த்து ஒருநாள் வழியில் வயல்காரர்கள் கையைக் காட்டி நிறுத்தினார்கள், வேலைக்கு வந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு இடுப்புவலி. இது ஆஸ்பத்திரி வண்டி இல்லை என்று அக்காவின் வீட்டுக்காரர் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா பின்கதவைத் திறந்துவிட்டாள். அந்த வருஷ லீவில் பாதி ஆஸ்பத்திரி வராந்தாவில் போயிற்று. ஊர்க்காரங்க கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா என்றாள் என்னிடம்.

நான் அவளைக் கேலி செய்யாத நாள் இல்லை. எனக்கு நீடாமங்கலம் பக்கத்தில் அசல் ஊர் இருந்தது. கிணறும் தென்னையும் உள்ள அப்பாவின் வீடு. ஏரித்தண்ணீரை ஊர் என்கிறாயே அக்கா என்பேன். அவள் குழாயைத் திறந்து காட்டுவாள். "உன் ஊருலேர்ந்து உனக்கு வருஷத்துக்கு ஒருதடவ மூட்டை வருது. என் ஊருலேர்ந்து தெனம் காலையில வருது. நீயும்தான் குடிக்கிற," என்பாள். சிரித்துவிடுவேன்.

நானும் சும்மா இருக்கவில்லை, கொஞ்சமா அலட்டினேன்? எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண், பிறந்த வீட்டிலிருந்து முறையாகக் கூப்பிட்டால்தான் போவாள். கூப்பிடாமல் போய் நின்றால் மரியாதை இல்லை. வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் வைத்துத் தட்டோடு வந்து கூப்பிட வேண்டும். போன இடத்தில் ஒரு டம்ளரைக் கழுவக்கூட விடமாட்டார்கள். கிளம்பும்போது ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்து அனுப்புவார்கள். என் அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பா இருந்தவரை அப்பா கூப்பிட்டார். தூரம் என்பதால் பொங்கலுக்குச் சீர் அனுப்பும்போதே மே மாதத்துக்கும் அழைப்புச் சொல்லி அனுப்புவார். அப்பா போனபின் அது அண்ணன் பொறுப்பு. இந்த முறையையெல்லாம் பின்கட்டுச் சுவரோரம் நின்று அக்காவிடம் விஸ்தாரமாகச் சொல்வேன். இடுப்பளவுச் சுவர்தான். அந்தப் பக்கம் அவள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கதை கேட்பது போலக் கேட்பாள்.

அப்பாவின் முதல் வருஷத் திதிக்குப் போனேன். அவர் சாய்ந்து பேப்பர் படித்த ஊஞ்சலை அண்ணி கழற்றி மரக்கடைக்குப் போட்டிருந்தாள். இடத்தை அடைக்கிறதாம். சாப்பிட உட்கார்ந்த சொந்தக்காரர்களுக்கு முன்னால் நான் கேட்டுவிட்டேன். அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டே, இனிமே இந்த வீட்டுல உனக்குப் பேச்சு கிடையாது என்றான். நான் கேட்டது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அடுத்த பொங்கலுக்குச் சீர் வரவில்லை. அழைப்பும் வரவில்லை.

என் கணவருக்கு அப்பா அம்மா இல்லை. அவருடைய அண்ணன் பம்பாயில் ஒற்றை அறையில் குடும்பத்தை வைத்துக்கொண்டிருந்தார். ஆக, மே மாதம் எங்கள் நாலு வயதுப் பெண் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதற்கு எனக்கு ஓர் இடம் இல்லாமல் போயிற்று. ஏப்ரல் பாதியிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: எப்போ ஊருக்கு, எப்போ ஊருக்கு? டிக்கெட் எடுத்தாச்சு என்று சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் சொன்னதை எல்லா வீட்டிலும் சொல்ல வேண்டியதாயிற்று. அக்காவிடமும் அதையேதான் சொன்னேன். மே மாதம் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கப் போகிறாயா என்று என் கணவர் கேட்டார். அப்படித்தான் இருக்க நினைத்திருந்தேன். அக்காவைப் பார்த்து ஐயோ பாவம் என்றவர்கள் என்னைப் பார்த்து அதைச் சொல்வதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. பிறந்த வீடே வேண்டாம் என்று தள்ளிவிட்ட பெண் என்பதைவிட அவமானம் வேறு ஏது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து அக்கா என் வீட்டு முன்வாசல் வழியாக வந்தாள். எப்போதும் பின்கட்டுச் சுவர் வழியாகத்தான் எங்கள் பேச்சு. அன்று சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு, இஸ்திரி போட்ட சட்டையில் அவள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மல்லிகைச் சரம், ரவிக்கைத் துணி, மஞ்சள், ஒரு காகிதப் பொட்டலத்தில் சிவப்புப் பொடி. நானும் என் கணவரும் எழுந்து நின்றோம். உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.

"உங்க பக்கம் கூப்பிடாம வரமாட்டீங்கன்னு நீதான் சொல்லியிருக்க. அதான் மொறையா கூப்பிட வந்தோம். சனிக்கெழம ஊருக்குப் போறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் பாப்பாவும் வரணும். வர்றதுன்னா ஹவ் சொல்லு. இல்லாட்டி இப்பவே நக்கோ சொல்லிரு, நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்."

டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணனைப் பற்றியும் இல்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் பரிதாபம் இல்லை. பெண்ணைக் கூப்பிட வந்த வீட்டாருக்கு இருக்கிற கவலைதான் இருந்தது, வருவாளோ மாட்டாளோ என்று. அவள் ஊரை ஊர் என்று ஒப்புக்கொண்டு இதுவரை யாரும் அங்கே போனதில்லை.

நான் ஹவ் என்றேன். வாயில் அதுதான் வந்தது.

பொட்டலத்தைப் பிரித்தேன். குங்குமம் விரலில் ஒட்டும். இது மணலாக உதிர்ந்தது. வாழ்நாளில் குங்குமத்தைத் தொட்டிராத அக்கா, மெஹ்திப்பட்டணம் மார்க்கெட்டில் நிறத்தைப் பார்த்து ரங்கோலிப் பொடியை வாங்கி வந்திருந்தாள். என் கணவரும் கவனித்துவிட்டார், என்னைப் பார்த்தார். நான் அதையே எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். அக்காவின் முகம் மலர்ந்தது. சாயங்காலம்வரை நெற்றி அரித்தது, நான் அழிக்கவில்லை.

டிக்கெட் பொய் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று வெகுநாள் கழித்துக் கேட்டேன். ஊருக்குப் போகிற வீட்டில் புளிக்காய்ச்சலுக்கு எள் வறுக்கிற வாசனை வரும், உன் வீட்டிலிருந்து வரவில்லை என்றாள்.

சனிக்கிழமை ஆம்புலன்ஸில் ஏறும்போது எதிர்வீட்டு அம்மாள், பிக்னிக்கா என்று கேட்டாள். ஊருக்கு என்றேன். அவள் ஏதோ கேட்க வந்தாள், அதற்குள் அக்கா கதவைச் சாத்திவிட்டாள். லங்கர் ஹவுஸ் தாண்டி நிறுத்தி வழிச்சோறு சாப்பிட்டோம். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம் என்று என் கணவர் முனகினார்.

கேட்டில் அந்த வாட்ச்மேன் நின்றிருந்தான். முதலில் அக்காவிடம், இந்தத் தடவை இவ்வளவு தாமதம் கைக்கு என்று கேட்டான். யார் இவர்கள் என்று எங்களைக் காட்டிக் கேட்டான். என் தங்கச்சி என்று அக்கா சொன்னாள். அவன் என் பக்கம் திரும்பி, உங்களுக்கு எந்த ஊர் என்று இந்தியில் கேட்டான். எத்தனையோ தடவை பெருமையாகப் பதில் சொன்ன கேள்வி அது. அன்று நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்காதான் சொன்னாள்: "யேயிச்." இதேதான். அவன், ஓ அப்படியா, சரி என்று கேட்டைத் திறந்துவிட்டான்.

பொட்டலில் வண்டி சாயாமல் இருக்கச் சக்கரத்துக்குச் செங்கல் வைத்தார்கள். அக்கா வண்டி வாசலில் தண்ணீர் தெளித்துப் பெருக்கினாள். பெண்களும் பாப்பாவும் வண்டிக்குள் படுத்தோம், ஆண்கள் வெளியே கயிற்றுக் கட்டிலில். நான் ஸ்டவ் பக்கம் போனால் துரத்தினாள். பொறந்த வீட்டுக்கு வந்தவ டம்ளர்கூட கழுவக் கூடாதுன்னு நீதானே சொன்ன என்றாள். சொல்லித் தொலைத்துவிட்டேனே என்று இருந்தது, ஏனென்றால் அக்காவுக்குச் சமையல் வராது. அவள் ரசம் புளித்தண்ணீர். நாங்கள் சைவம் என்பதால் அவள் வீட்டுக்காரர் மீனை எடுத்துக்கொண்டு பொட்டலின் அந்தக் கோடிக்குப் போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பொரித்தார். பாப்பா வாட்ச்மேனின் ஆட்டுக்குட்டிகளோடு இந்தியில் பேசிக்கொண்டு திரிந்தாள்.

இரண்டாம் நாள் வெயில் ஏறும்வரை தூங்கினேன். கண்ணை விழித்தபோது மேலே ஆம்புலன்ஸ் கூரை. வெளியே அக்கா யாரையோ, சத்தம் போடாத, பொண்ணு தூங்குது என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அப்பா போனபின் என்னை யாரும் பொண்ணு என்று சொல்லவில்லை. படுத்தபடியே அழுதேன். நன்றாக, மூக்கு அடைக்கிற வரை அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. எழுந்து போய் அவள் ஊற்றிய தோசையை, ஓரம் கருகியிருந்தாலும், கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளம்புகிற நாள் அவள் செய்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சாமான் ஏற்றியாகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். நான் ஏறப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக் கீழே நிறுத்தினாள். பிறகு தான் மட்டும் வண்டிக்குள் ஏறி, பின்கதவு வாசலில் நின்று, மஞ்சளும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்து, போயிட்டு வா தங்கச்சி, ஒடம்பப் பாத்துக்கோ, வருஷா வருஷம் வரணும் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் அதே வண்டியில் திரும்பி, ஒரே சுவரின் இரண்டு பக்கம் இறங்கப் போகிறவர்கள். என் கணவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சரி ஏறு, வெயிலாயிருச்சு என்றாள் அக்கா. ஏறினேன்.

அதன்பின் ஒவ்வொரு மே மாதமும் போனோம். தட்டோடு வந்துதான் கூப்பிடுவாள். ரங்கோலிப் பொடியை அவளுக்குச் சொல்லவே இல்லை.

அண்ணன் சில வருஷம் கழித்து நேரில் வந்தான். மாசி மாதம், முன்தகவல் இல்லாமல், கையில் சீர்ப்பையோடு வாசலில் நின்றான். தலை நன்றாக நரைத்திருந்தது. பிள்ளைகள் மதராஸுக்குப் போய்விட்டார்களாம், அத்தனை பெரிய வீட்டில் அவனும் அண்ணியும்தான். பழசை அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாப்பிட்டு வெற்றிலை போட்டபின், மே மாதம் வந்துவிடு, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ என்றான். எத்தனை ராத்திரி காத்திருந்த வார்த்தை. வரேன் என்றேன். ஆனால் மே மாத ஆரம்பத்தில் வர முடியாது என்றும் சொன்னேன்.

"எங்க அக்கா கூப்பிட்டிருக்காங்க. அங்க போயிட்டுத்தான் வருவேன்."

"உனக்கு ஏது அக்கா? நம்ம வீட்டுல நீயும் நானும்தானே?"

எல்லாவற்றையும் சொன்னேன். சீர் வராமல் பொங்கல் போனது, டிக்கெட் பொய், தட்டு, ஏரி, கருகிய தோசை. குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அண்ணன் தலையைக் குனிந்தபடி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். பின்கட்டில் அக்கா துணி துவைக்கிற சத்தம் கேட்டது. அது நின்று, குழாய் திறக்கிற சத்தம் வந்தது. அப்போதுதான் அண்ணன் நிமிர்ந்தான். அந்த மனிதன் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"கூப்பிட்டா நானும் வரேன்," என்றான்.

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய், சுவரோரம் நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.